ஆற்றங்கரையில் பதினொரு வருடம்: படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில், தாமிரபரணிக் கரையோரமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு திரிகிறவன் நான். பிழைப்பு வேறு, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். போன பொங்கலுக்கு எங்கள் ஊரில் ஒரு திண்ணைச் சுவரில் 40 படங்களை மாட்டி வைத்தேன். பார்க்க வந்தவர்களும், அதற்குப் பிறகு வீட்டுக்கே வந்த இளைஞர்களும் கேட்ட கேள்விகளுக்கு நின்ற இடத்தில் ஏதோ பதில் சொன்னேன். இப்போது உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறேன்.

ஊட்டி, மூணாறு என்று போகாமல் ஏன் இந்த இருபது கிலோமீட்டருக்குள்ளேயே எடுக்கிறீர்கள்?

போயிருக்கிறேன். ஊட்டிக்கும் கன்னியாகுமரிக்கும் போய் நிறைய எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஏற்கெனவே காலண்டரில் பார்த்த படங்களாக இருந்தன. ஒரு நாள் போய்விட்டு வருகிறவனுக்கு ஊர் தன் பொது முகத்தைத்தான் காட்டும்.

இங்கே கதை வேறு. காருகுறிச்சி தாண்டி ரோட்டை ஒட்டி ஒரு வயல் இருக்கிறது. எங்கள் பக்கம் இரண்டு போகம்: ஜூனில் தொடங்கும் கார், ஐப்பசியில் தொடங்கும் பிசானம். நடவு முடிந்ததும் இரண்டு வாரம்போல நாற்றுகளுக்கு நடுவே தண்ணீர் தெரியும். அந்த நாட்களில் வயலே கண்ணாடி. மேற்கே நிற்கும் பொதிகை மலை முழுசாகத் தலைகீழாக அதில் கிடக்கும். பயிர் தூர் கட்டிப் பச்சை மூடிவிட்டால் அவ்வளவுதான், அடுத்த போகம் வரை காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்திலும் காற்று இல்லாத காலை வேண்டும், மலையில் மேகம் இறங்காமல் இருக்க வேண்டும். கார் நடவுக் காலத்தில் சாரல் வந்து மலையை மூடிவிடும். பிசானத்தில், மழை விட்ட மறுநாள் காலையில்தான் சரியாக அமையும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. நினைத்த படம் ஆறாவது வருடம் கிடைத்தது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த நேரத்தில் எடுத்தால் நல்லது?

‘காலை, மாலை இளவெயில்’ என்று எல்லோரும் சொல்வார்கள். பொதுவாகச் சரி. ஆனால் நம் ஊர் வெயிலை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களுக்கு மலை மேற்கே இருக்கிறது. அதனால் காலையில் கிழக்கிலிருந்து வரும் வெயில் நேராக மலையின் முகத்தில் விழும். மடிப்பு மடிப்பாகப் பாறையும் காடும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் அதே மலை கறுத்த சுவராகிவிடும். அது மட்டும் இல்லை; சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடுவதால், காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்னாலேயே அடிவாரத்து ஊர்களில் வெயில் போய்விடும். வெளியூர் நண்பர்கள் ஆறு மணிக்கு வந்து நின்று ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலப் படம் வேண்டும் என்றால் ஐந்து மணிக்கே படித்துறையில் இருங்கள்.

இன்னொன்று. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஒன்பது டிகிரிக்கும் குறைவான அட்சரேகையில் இருக்கிறோம். சூரியன் இங்கே சரிந்து ஏறுவதில்லை. ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய்விடும். வடக்கு நாடுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிற பொன்வெயில் நமக்கு அரை மணி கிடைத்தால் பெரிது. ஜனவரியில் ஆறரை மணி தாண்டித்தான் உதிக்கும் என்று படுத்துக்கிடக்காமல், இருட்டிலேயே போய் இடம் பிடித்து நிற்க வேண்டும்.

அப்படியென்றால் மத்தியானம் சும்மா இருக்க வேண்டியதுதானா?

வேண்டாம். சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னாலும், ஆகஸ்ட் கடைசியிலும், பகல் 12.20 வாக்கில் சூரியன் எங்கள் ஊரில் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. குடை பிடித்து நடப்பவரின் நிழல் அவர் காலடியிலேயே ஒரு வட்டமாகக் கிடக்கும். அந்த ஒரு படத்துக்காக வருடத்தில் இரண்டு நாள் மத்தியானம் வெளியே நிற்பேன். மற்ற நாட்களில் மத்தியானம் கூரைக்குக் கீழே: காருகுறிச்சியில் மண்பானை வனைகிற கொட்டகை, வீரவநல்லூரில் தறி, பத்தமடையில் பாய். வெளியே கொளுத்துகிற வெயில்தான் தரையில் பட்டு, வாசல் வழியாக உள்ளே மெதுவான வெளிச்சமாக வருகிறது. முகத்துக்கும் கைக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் எனக்குக் கிடைத்ததில்லை.

என்ன கேமரா, என்ன லென்ஸ்?

பழைய ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் உள்ள) கேமரா ஒன்று. கூடவே வந்த 18-55 ஜூம் லென்ஸ், தனியாக வாங்கிய 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். நான் எடுத்ததில் பாதிக்கு மேல் 35இல் எடுத்ததுதான். ஜூம் இல்லாததால் ஆளை நோக்கி நடந்து போக வேண்டியிருக்கும், போனால் பேச வேண்டியிருக்கும். தண்ணீரில் வானத்தின் மினுக்கத்தைக் குறைத்துக் கூழாங்கல்லைக் காட்ட ஒரு போலரைசர் ஃபில்டர் போதும். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

போனில் எடுக்கலாமா?

தாராளமாக. டீக்கடை, பஸ், சந்தை எல்லாம் போனில்தான் இயல்பாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: பல போன்களில் முகத்தை வழவழப்பாக்கி வெளுப்பாக்குகிற ‘பியூட்டி’ அமைப்பு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அதைத் தேடி அணையுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆட்களை எடுத்தால் முகம் இருட்டாக விழுகிறது. என்ன செய்வது?

எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி இது.

கேமராவுக்குத் தன் முன்னால் இருப்பது மனிதனா மாடா என்று வெளிச்சம் அளக்கும்போது தெரியாது. எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு அளக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து நின்றால், ‘அட, இவ்வளவு வெளிச்சமா’ என்று அது மொத்தத்தையும் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். தப்பு முகத்தின் மேல் இல்லை, அளவின் மேல். கேமரா எடுத்த வெளிச்ச அளவை நாமே கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) கூட்டுங்கள். அல்லது ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரிங்கில் கன்னத்தில் வைத்து அளவெடுங்கள். அதைவிட எளிது, ஆளை நடுவெயிலிலிருந்து திண்ணைக்கு வரச் சொல்லித் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்வது. கறுத்த தோலில் நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு எல்லாம் வெளிச்சத்தை வாங்கி மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்து எடுத்தால் முகம் சிற்பம்போல எழுந்து நிற்கும். வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அது போய்விடும். மாவு பூசியதுபோல ஆகிவிடும்.

ஒரு சம்பவம். டீக்கடை அண்ணாச்சி ஒருவரைப் பாய்லர் ஆவியோடு எடுத்திருந்தேன். நல்ல கறுப்பு மனிதர், 30 வருடமாக அடுப்புப் பக்கத்தில் நிற்கிறவர். பெரிதாகப் பிரிண்ட் போட ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். நான் கேட்காமலேயே ‘டச்’ செய்து, முகத்தைக் கோதுமை நிறமாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதை நானும் சரியாகக் கவனிக்காமல் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். மதினி வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்டார்கள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் படத்தை மேசை டிராயருக்குள் வைத்தார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுவாரம் வேறு இடத்தில், ‘நிறத்தில் கை வைக்கக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். அதுதான் இப்போது கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

நம் கல்யாண ஆல்பங்களில் பாதி ஊர் வெளுத்துக் கிடக்கிறது. வருகிற தலைமுறைக்குத் தாத்தா பாட்டியின் நிறம் தெரியாமலே போகும். படம் எடுப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்.

ஆட்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா? கேட்டால் விறைத்துவிடுகிறார்களே?

கேளுங்கள். விறைத்தால் இரண்டு படம் அப்படியே எடுங்கள், காட்டுங்கள். அப்புறம் அவர்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். அதற்குப் பிறகு எடுப்பதுதான் படம்.

பத்தமடையில் பாய் நெய்கிற ஓர் அம்மாவிடம் முதல் நாள் கேட்டபோது, “முகத்த எடுக்காத தம்பி, கைய வேணா எடுத்துக்கோ” என்றார்கள். சரி என்று கையை மட்டும் எடுத்தேன். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, ஊசிபோல மெல்லிசாகக் கீறி, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றித்தான் தறிக்கு வரும். மிக நைசான பட்டுப்பாய் துணிபோல மடியும். அவர்கள் ஒவ்வொரு கோரையையும் ஒரு நீளக் குச்சியின் நுனியில் மாட்டிப் பாவு நூல்களுக்குள் செலுத்துவார்கள், கோரையை நெருக்கும் அச்சுக்கட்டையை இழுத்து அடிப்பார்கள், ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். அந்த நகம் வருடக்கணக்கில் தடவித் தடவி ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. முகம் வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால் அந்த நகத்தை நான் பார்த்தே இருக்க மாட்டேன். பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர்கள் கையைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார்கள். “இந்தா, இதுல ஒரு கோர மாறி விழுந்திருக்கு பாரு” என்று காட்டினார்கள். எனக்கு அவர்கள் விரல் வைத்துக் காட்டிய பிறகும் தெரியவில்லை.

நான் கேட்டும்கூட எடுக்காதவை உண்டு. படித்துறையில் பெண்கள் குளிக்கும்போதும் துணி மாற்றும்போதும் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுவேன். கழுத்தில் தொங்கினாலே அவர்களுக்குச் சங்கடம். சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அருகில் இல்லாமல் எடுப்பதில்லை. துஷ்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், வீட்டுக்காரர்களே கூப்பிட்டால் ஒழிய எடுப்பதில்லை.

பிரிண்ட் போட்டுக் கொடுப்பது செலவு இல்லையா?

சின்னப் பிரிண்ட் ஒன்று, இரண்டு பேர் டீ குடிக்கிற காசுதான். யாரை எடுத்தாலும் கொடுத்துவிடுவது வழக்கம். சிலர் இறந்தபோது மாலை போட்டு வைத்தது நான் எடுத்துக் கொடுத்த படமாக இருந்தது. அதற்குமேல் இதில் கணக்குப் பார்க்க எனக்கு மனசு வராது.

கோயில், அணை, காடு: எங்கெல்லாம் எடுக்கலாம்?

கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயில் சம்பந்தமான வழக்கில் தொடங்கி மாநிலம் முழுவதற்குமானது. உள்ளே எடுக்க முடியவில்லை என்று எனக்கு வருத்தமில்லை. கோபுர வாசல், பூக்கட்டுகிறவர்கள், தேர் நிற்கும் தெரு என்று வெளியே கொட்டிக்கிடக்கிறது. அணைகளில் ‘படம் எடுக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கி, அவர்கள் சொன்ன இடத்தோடு நிற்க வேண்டும். டிரோன் கொண்டுபோய்க் காட்டுக்குள் பறக்கவிடுவது சட்டப்படியும் தப்பு, அங்கே இருக்கிற உயிர்களுக்கும் கேடு.

பறவைப் படம் எடுக்கக் கூந்தன்குளம் போகலாமா?

போங்கள், ஜனவரி பிப்ரவரியில். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளைக் குளத்தில் பார்க்கலாம். மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும். 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பறவை பயப்படும் என்று வெடி போடமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பறந்தால் படம் நன்றாக வரும் என்று கல்லெறிகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெரிய லென்ஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை. நாரைக்கூட்டுக்குக் கீழே கோலம் போடுகிற வாசலை எடுங்கள். எச்சம் விழுந்த கோலத்தோடு சேர்த்தே எடுங்கள்.

ஆற்றை அழகாகவே காட்டுகிறீர்களே, கிடக்கிற குப்பையை ஏன் காட்டுவதில்லை?

முதல் சில வருடங்கள் உண்மையாகவே அந்தத் தப்பைச் செய்தேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று வருகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போவார்கள். அது பாறைகளில் சுற்றிக்கொண்டு கொத்துக் கொத்தாகக் கிடக்கும். நான் கேமராவை இரண்டடி நகர்த்தி அதைத் தவிர்த்துவிட்டுத் தெளிந்த நீரை எடுப்பேன். பிறகு பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அவை ஏதோ இல்லாத ஆறு மாதிரித் தோன்றின. இப்போது இரண்டையும் எடுக்கிறேன். திண்ணைச் சுவரில், துணி சுற்றிய பாறையை ஒரு பக்கமும், அதே பாறையில் நீர்க்காகம் சிறகு காயவைப்பதை மறுபக்கமும் மாட்டியிருந்தேன். மக்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

2023 வெள்ளத்தில் எடுத்தீர்களா?

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாட்கள் அவை. முதல் இரண்டு நாளும் கேமராவைத் தொடவில்லை. வீடுகளில் தண்ணீர் புகுந்திருக்கும்போது கை வேறு வேலைக்கு வேண்டும். மூன்றாம் நாள்தான் எடுத்தேன்.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்றால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்; கோயில் மூழ்கும், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூசை நடக்கும். ஆறும் கோயிலும் பழகிய பழக்கம் அது. எங்கள் சின்னப் படித்துறைக்கு அந்தத் தெம்பு இல்லை. கீழ்ப்படிகள் பெயர்ந்து, துணி துவைக்கிற கற்கள் எங்கோ உருண்டு போயிருந்தன. சீர்செய்யும்போது எந்தக் கல் எங்கே இருந்தது என்று பேச்சு வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் கோடை காலத்தில், தண்ணீர் இறங்கிக் கிடந்தபோது எடுத்த படம் ஒன்று இருந்தது. அழகில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தது. அதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கொத்தனார் அதை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, மரத்தில் ஆணியடித்து மாட்டிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கல் போட்டார்.

யாருடைய படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள்?

லின்னேயஸ் டிரைப் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மதராஸ் ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூரை எல்லாம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைத் துண்டு துண்டாக 21 படங்களில் எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தப் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் அந்தப் படங்களில் மனிதர்கள் மிக அபூர்வம். காகித நெகட்டிவில் பதிய நீண்ட நேரம் ஆகும்; நடமாடுகிறவர்கள் பதிவாகாமல் போவார்கள். அடுத்த நூற்றாண்டில் கையடக்கக் கேமரா வந்த பிறகுதான் நடக்கிற மனிதனை நடக்கிற மாதிரியே பிடிக்க முடிந்தது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்டியே-பிரெஸோன் 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த சமயம் திருவண்ணாமலையில் இருந்து எடுத்த படங்களை, பக்கத்தில் நிற்கிற கூட்டத்துக்காகத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

இவ்வளவு படங்களை எப்படிப் பத்திரப்படுத்துகிறீர்கள்?

இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று என் வீட்டில், ஒன்று தங்கை வீட்டில். ஆனால் படத்தைவிட முக்கியம் கூட எழுதி வைக்கிற விவரம். தேதி, ஊர், தமிழ் மாதம், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது. ‘கிராமத்து மூதாட்டி’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, கேட்டு எழுதுங்கள். வெளியே போட வேண்டாம் என்றால் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

இப்போது எதை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கல்லிடைக்குறிச்சி அப்பளம். பங்குனி வெயிலில் காயப்போடுகிற இடத்துக்கு இரண்டு முறை போய்விட்டேன். வெள்ளைத் துணி, வெளிர் அப்பளம், வெள்ளை வெயில்: கேமரா மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா, “அண்ணே, பதினொரு மணிக்கு வந்தா என்ன தெரியும்? விரிக்கிற நேரத்துக்கு வாங்க, அப்ப ஈரம் இருக்கும், பளபளன்னு இருக்கும்” என்றார். வருகிற ஞாயிறு ஏழு மணிக்கே போகிறேன்.